நோவாத புண்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்ந்து வந்தார். ஆவணி மாதத்து நண்பகலொன்றில் கோயில் வெளிவீதியை வெறுங்காலோடு வலம் வந்தார். சுடுமணல் அவரைச் சுடவில்லை. மூன்றாம் நாள் பாயில் ஈரக்கறை கண்ட மனைவியே பெருவிரலின் அடியிலிருந்த புண்ணைக் கண்டார்.

"நோகேல்லை, பெரிசா ஒண்டுமிராது" என்றார் ஆசிரியர்.

நீரிழிவாளரின் பாதத்திற்கு இச்சொல்லினும் கொடிய பகை பிறிதில்லை. குருதியிற் சீனி நெடுங்காலம் மிகுந்திருப்பின் நரம்புகள் பழுதடைகின்றன. அவற்றுள் மிக நீண்டவை பாதத்திற்குச் செல்வனவாதலின், உணர்விழப்பும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகின்றது. நோவு உடலின் காவலாளி. அவன் உறங்கிவிட்டால் ஒரு சிறு கல்லும் எலும்புவரை வழி தேடிக்கொள்ளும்.

வைத்தியர் ஆசிரியரைக் கண்களை மூடச் சொன்னார். இழை தொடுமிடத்தை உணர்ந்தவுடன் கூறும்படி பணித்தார். 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையைப் பாதத்தின் பலவிடங்களிலும் ஊன்றினார். ஆசிரியர் நெடுநேரம் காத்திருந்து, "எப்ப தொடங்கப்போறியள், டொக்டர்?" என்றார். சோதனை முடிந்திருந்தது.

பின்னர் புறங்காலிலும் உட்கணுக்காலின் பின்னும் நாடித்துடிப்பு நோக்கப்பட்டது. குருதியோட்டம் குன்றிய காலில் எம்மருந்தும் எளிதிற் பலிப்பதில்லை. இவருக்குத் துடிப்பு நன்றாயிருந்தது. புண்ணின் ஆழம் அளக்கப்பட்டது; தடித்த தோலும் இறந்த தசையும் அகற்றப்பட்டன. கிருமித்தொற்றின் அறிகுறிகள் இல்லாமையால் கிருமிகொல்லி மருந்து கொடுக்கப்படவில்லை. எனினும் புண்ணின்மீது உடற்பாரம் விழுமளவும் அஃது ஆறாது என்பதே வைத்தியரின் முடிவு.

இவ்வுண்மை தொழுநோயாளரிடமிருந்து கற்கப்பட்டதாகும். 1946இல் வேலூர் சென்ற சத்திரசிகிச்சை வைத்தியர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்கள் தாமாக அழுகுவதில்லை என்றும், நோவறியாது நடப்பதாலேயே சிதைகின்றன என்றும் கண்டார். பரிஸ்சாந்துக் கட்டினாலும் மென்ரப்பர்ச் செருப்பினாலும் அவற்றைக் காத்தார். அம்முறைகள் பின்னாளில் நீரிழிவாளருக்கும் பயன்பட்டன.

ஆசிரியரின் காலிலும் கட்டு இடப்பட்டது. வாரங்கள் பல கடந்தபின் புண் ஆறியது. ஆயினும் ஆறிய புண் மீண்டும் தோன்றுதல் இந்நோயின் இயல்பு என வைத்தியர் எச்சரித்தார்.

அடுத்த ஆவணியில் ஆசிரியர் மணல் சுடுமுன்னரே, விடியற்பூசைக்குச் சென்று திரும்பினார். திண்ணையில் அமர்ந்து, இரு பாதங்களையும் மனைவியின் முன் நீட்டினார்.

"நோகேல்லை" என்றார். "அதுதான், வடிவாப் பாரும்."