வாசற்படியில் ஒரு நாற்காலி

என் சின்னம்மாவைப் பற்றி எழுத வேண்டுமென்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கதையாக எழுத இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் அவள் கதாநாயகி ஆகிவிட்டாள். அவள் கதாநாயகி அல்ல, பால்வாடி டீச்சர். ஆகவே கட்டுரையாகவே எழுதிவிடுகிறேன்.

1982-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிக்கூட வயது வராத, இரண்டு வயது நிரம்பிய கிராமத்துக் குழந்தைகளும் அதில் சேர்த்தி. ஊருக்கு ஊர் மையம் வேண்டும், மையத்துக்கு ஆள் வேண்டும். அந்த வேலைகளுக்கு விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். சின்னம்மாவுக்கு அப்பொழுது இருபத்தைந்து வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், தாலி அறுத்து இரண்டு வருஷம். குழந்தை இல்லை. காலையில் அவள் எதிரே வந்தால், சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற ஊர் எங்களூர். அதே காலை வேளையில், அதே ஜனங்கள் தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் கையில் ஒப்படைத்தார்கள்.

ஒப்படைத்தார்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். நடந்தது அவ்வளவு சுலபமாக அல்ல. முதல் மாதம் ஒன்பது குழந்தைகள்தான் வந்தன என்று அம்மா சொல்லுவாள். தாய்மார்களுக்கு மூன்று சந்தேகங்கள். சாப்பாடு நல்லதுதானா? யார் சமைக்கிறார்கள்? எந்தத் தெருப் பிள்ளைக்குப் பக்கத்தில் என் பிள்ளை உட்காரும்? மூன்றாவதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சின்னம்மாவும் பதில் சொல்லவில்லை. வந்த வரிசையில் குழந்தைகளை உட்கார வைத்தாள். சாதம் வெந்து இறங்கியதும் தெருவில் போகிறவர்கள் பார்க்க, முதல் கவளத்தைத் தானே சாப்பிட்டாள். ஒரு வருஷத்தில் நாற்பது குழந்தைகளாயின.

1984 ஐப்பசியில் அது நடந்தது.

மழை விட்டிருந்த ஒரு முற்பகல். சின்னம்மா உள்ளே சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தாள். அரிசிக் கணக்கு, பருப்புக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு, வருகைக் கணக்கு! குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதைவிடக் குழந்தைகளைப் பற்றி எழுதுவதற்குத்தான் அதிக நேரம் ஆகும் போலிருக்கிறது. ஆயா கொல்லைப்புறத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு, அதற்குக் கீழ்த் தாழ்ப்பாள் மட்டுந்தான். அதை நீக்கியது நான். எனக்கு ஐந்து வயது. வெளியே ஓடிப்போய்த் தும்பி பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். கதவைச் சாத்தவில்லை.

மூன்று வயதுப் பையன் ஒருவன் அந்த வழியாகப் போய்விட்டான். கண்மாய்க் கரையில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றவனை ஓர் ஆட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். வெறும் கால் மணி நேர விஷயம். பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் வெளியே போக வேண்டாம் என்றாள் ஆயா. மேலேயிருந்து பார்வையிட வந்த ஓர் அம்மாள், பிற்பாடு விசாரணை வந்தால் ஆயாவின் மேல் எழுதிவிடும்படி நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார். சின்னம்மா இரண்டையும் கேட்கவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும், களையெடுத்துவிட்டுத் திரும்பிய அந்தப் பையனின் தாயிடம் போய்த் தானே சொன்னாள். அந்த அம்மாள் சேற்றுக் கையோடு நின்று முழுவதும் கேட்டாள்.

"ஒனக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே தெரியும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னம்மா அதோடு வீட்டுக்கு வரவில்லை. மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிவிட்டு இருட்டிய பிறகுதான் வந்தாள். அம்மாவுக்கு ஒரே கோபம். "ஊருல யாராச்சும் தன் தப்பத் தானே தமுக்கடிப்பாகளா?"

"இன்னொருத்தர் சொல்லித் தெரிஞ்சா, நாளைக்குச் சோறு நல்லாருக்குன்னு நான் சொன்னாக்கூட நம்பமாட்டாக, அக்கா."

மறுநாள் நான்கு குழந்தைகள் வந்தன. அதில் ஒன்று நான். பக்கவாட்டுக் கதவில் ஆணி அறைந்தாயிற்று. சின்னம்மா நாற்காலியையும் ரிஜிஸ்தர்களையும் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படியில் போட்டுக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் அவளைப் பார்க்கலாம், அவளைத் தாண்டி உள்ளே குழந்தைகளைப் பார்க்கலாம், அரிசிக் கணக்கைக்கூட எட்டிப் பார்க்கலாம். சிலர் பார்க்கவும் செய்தார்கள். ஓய்வு பெறும் வரையில் அந்த நாற்காலி உள்ளே போகவில்லை.

அந்தப் பையனின் தாய் தை பிறந்த பிறகு ஒரு நாள் வந்தாள். ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து பையனை இறக்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

வெகு காலம் கழித்துத் தாராபாய் மோடக்கைப் பற்றிப் படித்தேன். 1945-இல் போர்டி கிராமத்தில் பாலர் கல்வி நிலையம் தொடங்கியவர். பள்ளிக்கு வராத ஏழைக் குழந்தைகளைத் தேடி அவர்கள் குடியிருப்புக்கே போய், முற்றத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மராத்தியில் அங்கண் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு 33 இடங்களில் ஆரம்பித்த குழந்தை வளர்ச்சித் திட்டத்திலும் அந்தப் பெயரே நிலைத்தது. முற்றத்துக்குச் சுவர் ஏது? தாராபாய் பெயரைச் சின்னம்மா கேள்விப்பட்டதேயில்லை.

இத்தனை வருஷமும் தாழ்ப்பாள் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தெரியுமே" என்றாள். "தும்பிக்குத்தானே போனே?"

"அப்பவே ஏன் சின்னம்மா சொல்லலை?"

"அஞ்சு வயசுப் புள்ள தாழ்ப்பாளத் தொறக்காம என்ன செய்யும்? அதுக்கு எட்டுற ஒசரத்துல அது இருந்துச்சே, அதப் பாக்க வேண்டியவ யாரு?"

கொஞ்ச நேரம் கீரையில் இருந்த பூச்சியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த ஆட்டுக்காரருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்ததாகவும், அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் சொன்னாள்.