பொறியும் நேரமும்

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. அதன் தொடக்ககால இயந்திரத்தில் கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும்; டிஸ்ட்ரிபியூட்டர் நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தை முறைப்படி பகிர்ந்தளிக்கும்.

பிஸ்டன் கலவையை அழுத்தி உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே தீப்பொறி எழ வேண்டும். ஏனெனில், கலவை எரிந்து பரவச் சிறிது நேரம் தேவை. பொறி தாமதித்தால் இழுவிசை குறையும். மிக முந்தினால் இயந்திரம் தட்டும். நாளடைவில் பிஸ்டனே பழுதடையலாம்.

புக்கிட் காத்திலில் இன்றும் பழைய சாகாவில் வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு, சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதெல்லாம் இயந்திரம் குலுங்கியது.

“டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவிடு, தம்பி” என்றார் பட்டறையில்.

“குலுக்கல் அடங்கலாம், அண்ணே, கோளாறு தீராது” என்ற மெக்கானிக், முதலில் ரப்பர்க் குழாய்களை ஆராய்ந்தார். ஒன்றில் வெடிப்பு இருந்தது. அதன் வழியே அளவுக்கு மீறிய காற்று புகுந்து, கலவையில் பெட்ரோலின் அளவு குறைந்திருந்தது. குழாயை மாற்றி, பிளக்குகளைத் துடைத்த பிறகே டைமிங் விளக்கின் ஒளியில் கப்பியிலுள்ள குறியைப் பார்த்தார். பொறியின் நேரம் சரியாகவே இருந்தது.

சரியாக இருப்பதைத் திருப்பிவிட்டால், ஒரு கோளாறு இரண்டாகும். எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதிப்பதே பழுதுபார்க்கும் முறை.