ஒரு வாய்க் களி

என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "என்ன சாப்பிட்டு இப்படி இளைத்தீர்கள்?" எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர்களாயிருந்தால், "கொள்ளா, வாழைத்தண்டா?" என்று பதிலையும் அவர்களே சேர்த்துக் கேட்டு விடுவார்கள். நேயர்களே, உங்களிடம் உள்ளதைச் சொல்லி விடுகிறேன். நான் எதையும் சாப்பிட்டு இளைக்கவில்லை. என் இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை டாக்டர்கள் வெட்டி எடுத்து விட்டார்கள்.

"ஐயையோ!" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. என் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னது ஆபரேஷன் நடந்து ஐந்து மாதம் கழித்து. அந்த ஐந்து மாதமும் நான் பெற்ற தாயிடம் பொய் சொல்லிக் கொண்டிருந்தேன். நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பொய்யைப் பற்றித்தான்.

என் பிறந்தகம் சிதம்பரம். தேர் ஓடும் நான்கு வீதிகளில் ஒன்றுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. சிதம்பரத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் எங்கள் ஊர்ச் சொத்து. எங்கள் அம்மா கொத்சு செய்தால் கூடத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தி விடுவார்கள். அவளுக்கு அன்பைச் சொல்லத் தெரியாது, பரிமாறத்தான் தெரியும். பரீட்சையில் தேறினால் நெய் ஒரு கரண்டி கூடும். தோற்றால் இரண்டு கரண்டி கூடும். "குழந்தை பூசினாற்போல் இருக்கிறாள்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பூசினாற்போல் இருந்தவள் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்து, ஒரு பெண்ணையும் பெற்று, நாற்பது வயதைத் தாண்டியபோது 118 கிலோ இருந்தேன். உயரம் 156 சென்டிமீட்டர்தான். சர்க்கரை வியாதி வந்து, மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்குப் போயாகி விட்டது. முழங்கால் இரண்டும் படியைக் கண்டால் சண்டைக்கு வந்தன. பஸ்ஸில் என் பக்கத்து ஸீட்டு கடைசி வரை காலியாகவே இருக்கும். அதையெல்லாம் கூடச் சகித்துக் கொண்டேன். பழகி விட்டது.

சகிக்க முடியாமல் போனது ராத்திரிகள். ஒரு நாள் நடுநிசியில் விழித்தபோது என் வீட்டுக்காரர் படுக்கையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். "என்ன?" என்றேன். "ஒன்றுமில்லை, உனக்கு மூச்சு நிற்கிறது. நின்று நின்று வருகிறது. எண்ணிக் கொண்டிருந்தேன்" என்றார். விசாரித்ததில், மனிதர் பல மாதங்களாகவே அப்படிப் பாதி ராத்திரி காவல் இருந்திருக்கிறார்! ஸ்தூல சரீரத்தில் கழுத்துச் சதை தூக்கத்தில் மூச்சுக் குழலை அழுத்துவதால் வரும் வியாதி அது என்றும், அலட்சியம் செய்தால் இருதயத்தைப் பாதிக்கும் என்றும் அப்புறம் தெரிந்து கொண்டோம்.

"வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்பீர்கள். கட்டாமலா இருந்தேன்! கொள்ளு, வெந்தயம், காலையில் நடை, ராத்திரியில் பட்டினி, எல்லாம் பார்த்தாகி விட்டது. ஒரு தடவை 12 கிலோ குறைந்தேன். ஒரே வருஷத்தில் அது 15 கிலோவாகத் திரும்பி வந்தது. இதில் என் சபலத்தின் பங்கு உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சரீரத்தின் பங்கும் உண்டு என்று டாக்டர் விளக்கினார். எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எண்ணிக் கொள்கிறதாம். செலவைச் சுருக்கி, பசியை அதிகமாக்குகிறதாம். இரைப்பையின் மேற்பகுதியில் 'கிரெலின்' என்று ஒரு பசிச் சுரப்பு ஊறுகிறது. அந்தப் பகுதியையே எடுத்து விட்டால் பசியும் அடங்கும் என்பதுதான் இந்த ஆபரேஷனின் சூட்சுமம்.

'ஸ்லீவ்' ஆபரேஷன் என்று பெயர். ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடிய பையை நெடுகிலும் வெட்டித் தைத்து, சட்டைக் கை மாதிரி ஒரு குழாயாக்கி விடுகிறார்கள். அப்புறம் ஒரு டம்ளர் கொண்டால் அதிகம். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. 1966-ல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேஸன் என்பவர் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் வேறொரு முறையைத் தொடங்கினார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் பாதியை இழந்த பெண்கள் அப்புறம் பருமனாவதே இல்லை என்பதைக் கவனித்து அவருக்கு அந்த யோசனை உதித்ததாம்.

பணத்துக்கு என்ன வழி என்று திகைத்தோம். 2019-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி ஒன்று கை கொடுத்தது. பதினெட்டு வயது ஆனவர்களுக்கு, உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் 'பி.எம்.ஐ.' கணக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35-க்குக் குறையாமல் இருந்து கடுமையான வியாதியும் சேர்ந்திருந்தால், டாக்டர் சிபாரிசின் பேரில் காப்பீடு உண்டு என்பது அது. எனக்கு 48! வாழ்க்கையில் நான் தாராளமாக மார்க் வாங்கிய ஒரே பரீட்சை.

2022 ஆகஸ்டில் சென்னையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. அம்மாவுக்குப் போன் செய்தேன். வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. "பித்தப்பையில் கல் அம்மா, சின்ன ஆபரேஷன்" என்று சொல்லி விட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், எடை வேகமாகக் குறைகிறவர்களுக்குப் பித்தப்பையில் நிஜமாகவே கல் வருவதுண்டு. அதைத் தடுக்க எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். என் பொய் மெய்யாகி விடாமலிருக்க தினம் மாத்திரை விழுங்கிக் கொண்டிருந்தேன்!

ஆபரேஷனுக்கு முந்தி இரண்டு வாரம் பெரும்பாலும் நீராகாரம்தான். கொழுப்பேறிய கல்லீரல் கொஞ்சம் சுருங்கினால்தான் டாக்டர் அதை ஒதுக்கி விட்டு வேலை செய்ய முடியுமாம். வயிற்றைக் கிழிக்கவில்லை, ஐந்து சிறு துளைகள். தையல் கசியலாம், ரத்தம் வடியலாம், காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம் என்று அபாயங்களையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்று சாயங்காலமே என்னை எழுப்பி வராந்தாவில் நடக்க வைத்தார்கள். நடந்தேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

விசேஷம் வீட்டுக்கு வந்த பிறகுதான். மருந்து குடிக்கும் சின்னக் கிண்ணத்தில் முப்பது மில்லி தண்ணீர். அதைக் கால் மணி நேரம் குடிக்க வேண்டும். என் பெண் கையில் கடியாரத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பாள். முதலில் தெளிந்த ரசம், அப்புறம் மோர், பால், அப்புறம் மசித்த பருப்பு. ஒரு மாதத்துக்கு மேலாயிற்று பல்லுக்கு வேலை வர. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். அரிசிக்கு முன்னால் முட்டை, பருப்பு, மீன். கடலூர் முதுநகர் மீனை அதுவரை சோற்றுக்குத் துணையாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது சோறு அதற்குத் துணையாயிற்று.

பசி போய் விட்டது, நேயர்களே. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது ஒரு பெரிய வெறுமை. மத்தியானம் ஒரு மணிக்கு எதையோ தொலைத்தவள் போல் வீட்டைச் சுற்றி வருவேன். பசி போன பிறகும் ஆசை போகவில்லை. அடுத்த வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தால் கண்ணில் ஜலம் வரும். துக்கம் வந்தால் சாப்பிடுவேன், சந்தோஷம் வந்தால் சாப்பிடுவேன், பொழுது போகாவிட்டால் சாப்பிடுவேன். அந்தக் கதவு சாத்திய பிறகு துக்கத்தையும் சந்தோஷத்தையும் எங்கே கொண்டு வைப்பது? இதைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு மனநல ஆலோசகி முன்கூட்டியே கேட்கத்தான் கேட்டாள். நான்தான் "சமாளித்து விடுவேன்" என்று கெட்டிக்காரி மாதிரி தலையாட்டினேன். இதைச் சோம்பேறிகளின் குறுக்கு வழி என்கிறவர்கள் ஒரே ஒரு வாரம் அந்தக் கிண்ணத்தோடு இருந்து பார்க்கட்டும்.

மூன்றாம் மாதத்தில் முடி கொட்டியது. பின்னால் வளர்ந்து விட்டது. ஆனால் இன்சுலின் ஊசி நின்றது. என் வீட்டுக்காரர் ராத்திரியில் குறட்டை விட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொண்டு படுத்திருக்கும் சுகம் எனக்கல்லவா தெரியும்!

அம்மா போனில் கூப்பிட்டுக் கொண்டே இருந்தாள். "கல் எடுத்த உடம்பு, இங்கே வந்து பத்து நாள் இரேன், தேற்றி அனுப்புகிறேன்" என்பாள். தேற்றுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியுமாதலால் சாக்குச் சொல்லிக் கொண்டே வந்தேன். மார்கழித் திருவாதிரைக்குச் சாக்குச் சொல்ல முடியவில்லை. நடராஜர் தேரில் வந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் அபிஷேகமாகி, தரிசனம் கொடுக்கும் நாள். சிதம்பரத்துப் பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாலும் அன்றைக்கு வந்தாக வேண்டும். 2023 ஜனவரி 6-ஆம் தேதி தரிசனம். முதல் நாளே பஸ் ஏறி விட்டேன். எடை 94 ஆகியிருந்தது.

அம்மா வாசலில் என்னைப் பார்த்து விட்டுப் பேசாமல் நின்றாள். "உருகிப் போய் விட்டாயேடி" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை, பயம் இருந்தது.

தரிசனம் முடிந்து வந்ததும் இலை போட்டாள். திருவாதிரைக் களியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏழைச் சேந்தனார் வீட்டுக்கு அடியாராக வந்து ஆண்டவன் களி உண்டார். மறுநாள் சந்நிதியில் களி சிந்திக் கிடந்தது. அன்றைக்கு ஒரு வாய்க் களியாவது தின்ன வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வாய் போதும். ஆனால் அம்மா கை ஒரு வாயோடு நிற்குமா? இரண்டு கரண்டி விழுந்தது, நெய்யும் முந்திரியும் மினுங்க. பக்கத்தில் ஏழு கறிக் கூட்டு. "சாப்பிடு" என்று எதிரே உட்கார்ந்தாள்.

அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் கையை எடுக்க முடியவில்லை. ஐந்து மாத ஆசையும் சேர்ந்து கொண்டது. சாப்பிட்டேன். வேகமாகவே சாப்பிட்டேன்.

பத்து நிமிஷத்தில் நெஞ்சு படபடத்தது. வேர்வை ஆறாகக் கொட்டியது, கண் இருட்டியது. இப்படி வெட்டிய வயிற்றிலிருந்து வெல்லம் அப்படியே குடலுக்கு ஓடி விடும். அதைக் கரைக்க உடம்பு நீரையெல்லாம் அங்கே அனுப்பும். படபடப்பு அதனால் வருவது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூடத்துச் சுவரோடு சாய்ந்து விட்டேன். அம்மா, "ஆட்டோ கூப்பிடு, மெடிகல் காலேஜுக்குப் போகலாம்" என்று அலறினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, "வேண்டாம், இது களியால் வந்தது. எனக்குப் பித்தப்பைக் கல் இல்லை" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி விட்டேன்.

"ஐயையோ! வயிற்றை வெட்டியா எறிந்தாய்?" என்றாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "என்னிடம் ஏன் மறைத்தாய்?"

"நீ போட்ட சாப்பாட்டால்தான் இப்படி ஆனேன் என்று நினைத்துக் கொள்வாயோ என்று…"

"இப்போது மட்டும் என்ன நினைக்கிறேன் என்கிறாய்?" என்று சொல்லி விட்டு எழுந்து போனாள்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. சமாதானமாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் நா எழவில்லை. ஏனென்றால் அதில் கொஞ்சம் நிஜம் இருந்தது. மறுநாள் காலையில் ஒரு சின்னக் கிண்ணியில் பாசிப்பயறு வேக வைத்துக் கொண்டு வந்து வைத்தாள். "இது ஆகுமா?" என்றாள். ஆகும் என்றேன். "எத்தனை?" என்றாள். ஆறு ஸ்பூன் என்றேன். எண்ணிப் பார்த்து ஒன்றை எடுத்து விட்டாள்.

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இதே மாதிரி எடை குறைப்பு ஆபரேஷனின்போது இறந்து போன செய்தி டெலிவிஷனில் வந்தது. அன்று அம்மா மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும், "சும்மாத்தான்" என்றாள். மூன்றாவது தடவை, "உனக்கு அப்படி ஆகியிருந்தால் பித்தப்பைக் கல்லால் போனாய் என்றல்லவா நான் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டிருந்திருப்பேன்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. இதைப் படிக்கிற யாருக்கும் இந்த ஆபரேஷனை நான் சிபாரிசு செய்யவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் உள்ள விஷயம். ஆனால் போவதானால் வீட்டில் சொல்லி விட்டுப் போங்கள்.

எடை 79 வரை இறங்கி இப்போது 83-ல் நிற்கிறது. இரும்பு, சுண்ணாம்பு, பி12 மாத்திரைகள் ஆயுசு பரியந்தம் உண்டு. சில நாள் பஜ்ஜிக் கடை வாசலில் கால் தயங்குகிறது, தயங்குவதோடு நிற்பதுமில்லை.

சென்ற திருவாதிரைக்கும் சிதம்பரம் போனேன். இலையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா உள்ளே போய்ப் பூஜை அலமாரியிலிருந்து உத்தரணியை எடுத்து வந்தாள். அதில் களியை எடுத்து, விரலால் வழித்துச் சமன் செய்து, இலையில் வைத்தாள்.

"போதுமா?"

"போதும், அம்மா."

இன்னும் அரை உத்தரணி போட்டாள்.