வெற்றி வீரரும் விடியற்காலைச் சாலையும்

புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் குடித்துவிட்டு மோட்டார் ஓட்டி அகப்பட்டுக்கொண்டார் என்ற செய்தி வந்ததும், உலகம் கேட்கும் முதற்கேள்வி யாது? "அடுத்த ஆட்டத்தில் அவர் ஆடுவாரா, மாட்டாரா?" என்பதே. கேட்பவரை நாம் குறை கூறவில்லை. ஆட்டத்தில் ஆசை வைத்தவர் ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்பர். ஆனால் தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே வளர்ந்த நமக்கு வேறொரு கேள்வியே முன்னே வந்து நிற்கிறது. "எத்தனை மணிக்கு நடந்தது?" என்பதே அது. இஃதென்ன விந்தையான கேள்வி என்று வாசகர்கள் எண்ணலாம். காரணத்தைக் கூறுகிறோம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலா பிலாவைச் சுற்றிலும் ரப்பர் மரங்கள் அடர்ந்திருந்த காலத்தில், தோட்டத்து மனிதனுக்குக் கடிகாரம் வேறு; ஊராருக்குக் கடிகாரம் வேறு. வானம் வெளுக்குமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓடாது. ஆகவே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தோளிலே காண்டா வாளியைச் சுமந்துகொண்டு, இருளிலேயே ஆணும் பெண்ணும் சாலையில் இறங்குவர். இன்று ரப்பர் இருந்த இடங்களிற் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயங்களை விட்டு நம்மவர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். எனினும் அந்தக் கடிகாரம் மாறவில்லை. புக்கிட் புத்துஸ் மலைச்சாலை வழியே சிரம்பானுக்கும் செனாவாங் தொழிற்சாலைகளுக்கும் மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்கள் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். குடித்துக் களித்தவனுடைய இரவு முடிகின்ற நேரமும், உழைத்துப் பிழைப்பவனுடைய பகல் தொடங்குகின்ற நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. இருவரும் சந்திக்குமிடம் சாலை. சந்திப்பில் ஒருவனைச் சுற்றி இரும்புக் கூடு; மற்றவனைச் சுற்றி ஒரு சட்டை. இந்நாட்டின் சாலைச் சாவுகளிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை என்பதை எண்ணினால், நாம் மணியைக் கேட்பதன் பொருள் விளங்கும்.

இலங்கையில் நிகழ்ந்ததொன்றைப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திமுத் கருணாரத்ன தலைமையில் இலங்கைக் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, அந்நாட்டு மண்ணில் டெஸ்ட் தொடரை வென்றது. ஆசிய அணி எதுவும் அதற்கு முன் செய்திராத செயல் அது. மார்ச் 31-ஆம் நாள் அதிகாலையில், கொழும்பு பொரளைப் பகுதியில், அதே தலைவர் ஓட்டிச் சென்ற மோட்டார் ஒரு முச்சக்கர வண்டியின்மீது மோதியது. வண்டி ஓட்டுநர் காயமுற்று மருத்துவமனை சேர்ந்தார். மது அருந்தி ஓட்டியதற்காகக் கருணாரத்ன கைதாகிப் பிணையில் விடப்பட்டார். கிரிக்கெட் நிறுவனம் அவருக்கு 7,500 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தது. அவரும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் நிறையுமுன் உலகக் கோப்பைக்குச் செல்லும் அணிக்கு அவரே தலைவரென அறிவிப்பு வந்தது. பின்னர் 2025-இல் தமது 100-ஆவது டெஸ்ட் ஆட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

திருந்திய மனிதனைத் தீராப் பழியிலே நிறுத்தி வைப்பது நம் நோக்கமன்று. அவர் ஆடியதும் நன்று. நிறைவோடு ஓய்ந்ததும் நன்று. நாம் காட்ட விரும்புவது வேறு. அந்நாட்களின் செய்திகளில் தலைவருடைய பெயரும், ஓட்டங்களும், எதிர்காலமும் பத்தி பத்தியாக வந்தன. அடிபட்டவரோ "முச்சக்கர வண்டி ஓட்டுநர்" என்ற மட்டிலே நின்றார். அவர் எத்தனை நாள் படுத்திருந்தார், அந்நாட்களில் அவர் வீட்டில் உலை ஏறிற்றா என்று கவலைப்பட்ட தலையங்கம் எங்கே? அதிகாலையில் வண்டியோடு நிற்பவர் பிழைப்புக்காக நிற்பவரன்றோ?

இது கொழும்புக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நாம் சிறுவராயிருந்த காலத்தில் நம் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். பக்கத்துப் பட்டணத்து அணியில் ஒரு பந்தாட்டக்காரன் இருந்தான். பந்து அவன் காலிலே ஒட்டிக்கொண்டு வரும். அவன் ஆடுகிறான் என்றால் ஐந்து மைலுக்கு அப்பாலிருந்து சைக்கிளில் ஆள் வரும். வென்ற இரவெல்லாம் அவனுக்கு விருந்து; விருந்தென்றால் சோறன்று. அப்படியொரு விருந்து முடிந்து அவன் வண்டியோட்டித் திரும்பிய விடியற்காலையில், பெரட்டுக்கு நடந்துகொண்டிருந்த பால்வெட்டுக்கார அம்மை ஒருத்தியை இடித்துத் தள்ளினான். அம்மையாருக்குத் தொடை எலும்பு முறிந்தது.

மறுநாள் மாலை பெரியவர்கள் கூடினர். போலீசுக்குப் போக வேண்டாம் என்றனர். "நல்ல ஆட்டக்காரன், மாநில அணிக்கு எடுக்கப்போகிறார்கள், பையனுடைய எதிர்காலம் கெட்டுவிடும், நம் இனத்துப் பிள்ளையல்லவா?" என்றனர். படுக்கையிலிருந்த அம்மையார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஐயா, அவன் காலை நம்பி ஊரு கைதட்டுது. என் காலை நம்பி வீட்டிலே அஞ்சு பேரு சோறு திங்குது." அதற்கு விடை கூறுவார் இல்லை. எனினும் சில நூறு வெள்ளியோடு விஷயம் முடிக்கப்பட்டது. அடுத்த மாதமே அவன் திடலில் ஓடினான். அம்மையார் எழுந்து நடக்கப் பல மாதங்கள் சென்றன. மேட்டு நிரைகளில் ஏறி இறங்க முடியாமற்போகவே, பால்வெட்டை விட்டுக் குறைந்த கூலிக்குப் புல்வெட்டப் போனார். அந்த ஆட்டக்காரனாவது வாழ்ந்தானா? தண்டனையிலிருந்து அவனைக் காப்பாற்றிய ஊரால் குடியிலிருந்து அவனைக் காப்பாற்ற முடியவில்லை. மாநில அணிக்கு அவன் போகவேயில்லை. சில ஆண்டுகளில் பந்து அவன் காலை விட்டது. புட்டி மட்டும் கையிலே நின்றது.

பண்டைக் காலத்துக் குடிக்கும் இக்காலத்துக் குடிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கள்ளுண்ணாமைக்கென வள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அக்காலத்துக் குடியன் தன் அறிவை இழந்தான். தன் மானத்தை இழந்தான். தன் பெண்டு பிள்ளைகளை வாட்டினான். தோட்டத்துக் கள்ளுக்கடையில் குடித்தவனும் தள்ளாடி நடந்து, கால்வாயில் விழுந்து கிடந்து, விடிந்தபின் எழுந்து வந்தான். இன்று அவன் கையில் மோட்டார் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடிக்குள் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. கண் கண்டதைக் கால் அறியுமுன் கழிகின்ற அந்த ஒரு விநாடியை மது நீட்டுகிறது. ஆகவே முன்பின் அறியாத அயலானும் குடியனுக்கு இரையாகிறான்.

"வீரனுடைய உடல் பயிற்சி பெற்ற உடல், அவனுக்கு மயக்கம் ஏறாது" என்று சொல்லுவோர் உளர். அறிவியல் இதனை ஒப்பவில்லை. உடலிற் சேர்ந்த மதுவைப் பெரும்பாலும் ஈரலே கரைக்கிறது. அது தனக்குரிய மெல்லிய வேகத்திலேதான் கரைக்கும். குளிர்ந்த நீராடினாலும், கடுங்காப்பி குடித்தாலும், திடலை நூறுமுறை சுற்றி ஓடினாலும் அந்த வேகம் கூடாது. நள்ளிரவு வரை நிறையக் குடித்தவனுடைய இரத்தத்தில் விடியற்காலையிலும் மது மிஞ்சியிருக்கும். தூங்கி எழுந்தேன், தெளிந்துவிட்டேன் என்று அவன் நினைக்கிறான். இரத்தம் அவன் நினைப்பைக் கேட்பதில்லை.

நம் முன்னோர் இவ்விரண்டையும், அதாவது குடியையும் சாலையையும், ஒரே தாளில் எழுதி வைத்தனர் என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கின்றனர்? 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோர் முன்னிற்க, வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் இரண்டைக் குறிக்கிறோம். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது ஒன்று. துரையையும் உத்தியோகஸ்தர்களையும் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. அரசாங்கம் பட்டாளத்தை ஏவிற்று. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். பின்னர் 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்று அடியும் சிறையும் பெற்றனர்.

சாலையில் நிமிர்ந்து செல்லும் உரிமைக்காக உயிரைக் கொடுத்த பரம்பரை இது. துரைக்காக இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், குடிபோதையில் வருகின்ற வீரனுக்காக ஓரம் ஒதுங்கி நிற்பதோ? தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன. மதுவோ சக்கரம் பூட்டிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டது.

இனி, பிற நாடுகளில் இத்தகைய வீரர்களுக்கு என்ன நேர்ந்தது என்று காண்போம். பிரெஞ்சு அணித் தலைவர் ஊகோ லோரிஸ் 2018 ஜூலையில் உலகக் கால்பந்துக் கோப்பையை ஏந்தினார். அடுத்த மாதமே லண்டனில் குடித்து ஓட்டியதற்காகப் பிடிபட்டார். 50,000 பவுன் அபராதம். 20 மாதம் வண்டியோட்டத் தடை. கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆனால் வாரந்தோறும் ஆயிரமாயிரமாக ஊதியம் பெறுபவருக்கு அது பையிலிருந்து போவது, வயிற்றிலிருந்து போவதன்று. வண்டியோட்டத் தடை விழுந்தால் வீரர் சாரதி வைத்துக்கொள்வார். தொழிற்சாலைக்குச் செல்லும் தொழிலாளி வேலையையே இழப்பான். ஒரே தண்டனை இருவர்மீதும் ஒரே எடையாக விழுவதில்லை.

அப்படியானால் வீரனுக்கு எடையுள்ள தண்டனை எது? திடலை அவனிடமிருந்து எடுத்து வைப்பதே. நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் 2014 செப்டம்பரில் இரண்டாம் முறையாகப் பிடிபட்டபோது, அமெரிக்க நீச்சல் சங்கம் அவரை 6 மாதம் விலக்கி வைத்தது. 2015-ஆம் ஆண்டு உலகப் போட்டிக்குச் செல்லும் வாய்ப்பையும் அவர் இழந்தார். அக்காலத்தில் மருத்துவம் பெற்றார். தம்மைத் தாமே ஆராய்ந்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 5 தங்கம் வென்றார். விலக்கம் அவரை அழிக்கவில்லை என்பதை நோக்குக.

அர்செனல் அணித் தலைவர் டோனி ஆடம்ஸ் 1990 டிசம்பரில் இதே குற்றத்திற்காகச் சிறைக்கே சென்றார். 4 மாதத் தண்டனையிற் பாதியைக் கழித்து வெளிவந்தவரை ஊர் ஆரவாரத்தோடு ஏற்றுக்கொண்டது. தலைமையும் அவரிடமே இருந்தது. விளைவு? குடி மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. 1996-இல் தாம் குடிநோயாளி என்பதை அவரே வாய்விட்டுச் சொன்ன பின்னரே மீட்சி வந்தது. 2000-இல் தம்மைப் போன்ற விளையாட்டு வீரர்களுக்காக ஒரு சிகிச்சை நிலையமும் நிறுவினார். சிறைக்கதவு செய்யாததை உண்மை செய்தது.

காலம் கடந்து வரும் தண்டனையின் கோரத்தையும் காணுங்கள். 2021 நவம்பர் 2-ஆம் நாள் விடியுமுன், லாஸ் வேகாஸ் நகரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹென்றி ரக்ஸ் குடித்துவிட்டு மணிக்கு 156 மைல் வரை வேகமெடுத்து ஓட்டி, முன்சென்ற வண்டியில் மோதினார். தீப்பற்றிய அவ்வண்டியில் 23 வயதுப் பெண்ணொருத்தியும் அவளுடைய நாயும் மாண்டனர். அன்றே அணி அவரை நீக்கியது. 2023-இல் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டது. இங்கே தண்டனை கடுமைதான். ஆயினும் மாண்ட மகளைப் பெற்றோருக்கு எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

நம் நாட்டுச் சட்டமும் இப்பொழுது கண் திறந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் குடிபோதை ஓட்டிகளால் நேர்ந்த சாவுகள் நாட்டைக் கலக்கியதைத் தொடர்ந்து, 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆகக் குறைந்தது. குடித்து ஓட்டி உயிரைப் போக்கியவனுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறையும், 50,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. வீரனுக்கு ஒரு வரம்பு, வெட்டுமரத் தொழிலாளிக்கு ஒரு வரம்பு என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அந்த வேற்றுமையை எழுதுவது நம் மனம். நம் தோட்டத்தில் அன்று கூடிய பெரியவர்களைத் தடுத்த சட்டம் எது? அவர்களைத் தூண்டிய சட்டந்தான் எது? ஆட்டக்காரனைத் தெய்வமாக்கும் அடிமைப் புத்தியன்றி வேறில்லை.

ஆகவே நாம் வேண்டுவது மூன்று. கோப்பை வென்ற பிள்ளைகளுக்குப் புட்டியைப் பரிசளிக்கும் வழக்கத்தை நம் விளையாட்டுக் கழகங்கள் இன்றே விட வேண்டும். விருந்து வைக்கும் புரவலர்கள் வீடு சேர்க்கும் வண்டிக்கும் பொறுப்பேற்க வேண்டும். குடித்து ஓட்டியவன் எத்துணைச் சிறந்த ஆட்டக்காரனாயினும், நீதிமன்றம் தன் வேலையைச் செய்யும்போது கழகமும் அவனைத் திடலிலிருந்து விலக்கி, மருத்துவத்துக்கு அனுப்பி, தெளிந்து திருந்தியபின் அழைத்துக்கொள்ள வேண்டும். அவனிடம் வாங்கும் அபராதம் கழகப் பெட்டிக்குப் போகாமல், அடிபட்டவர் எழுந்து வேலைக்குச் செல்லும் வரை அவர் வீட்டு அடுப்புக்குப் போக வேண்டும்.

இத்தகைய செய்தி இனியும் வரத்தான் செய்யும். வரும்போது, அடிபட்டவர் யார், பிழைத்தாரா, பழைய வேலைக்குத் திரும்பினாரா என்று முதலில் விசாரிப்போம். அதற்கு விடை கிடைத்த பிறகு, அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச நமக்கு நேரம் நிறைய இருக்கிறது.