தீர விசாரிப்பதே மெய்

என் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். எங்கள் குடும்பமே அந்த வேனை நம்பித்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு அதன் இயந்திரப் பகுதியிலிருந்து 'ஙொய்' என்ற இரைச்சல் வரத் தொடங்கியது. வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடியது.

"ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது. புதிதாக மாற்ற 700 ரிங்கிட் ஆகும்," என்று ஒரு பட்டறையில் கூறினார்கள். அக்காவின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்பா ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார்.

சனிக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து மாமா வந்தார். அவர் முப்பது ஆண்டுகளாக வாகனங்களைப் பழுது பார்ப்பவர். "சத்தம் எதனால் வருகிறது என்று தெரியாமல் பொருளை மாற்றலாமா, மச்சான்?" என்று அப்பாவிடம் கேட்டபடியே வேனின் முன்மூடியைத் திறந்தார். நான் அருகில் நின்று கவனித்தேன்.

இயந்திரம் சுழலும்போது ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. அப்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குச் செல்கிறது. மாமா பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்தார். இயந்திரம் நின்றிருந்தபோது 12.6 வோல்ட், ஓடியபோது 14.2 வோல்ட்.

"மின்சாரம் சரியாகத்தான் வருகிறது, தம்பி," என்றார்.

அடுத்து, பெல்ட்டின் மீது எட்ட நின்று சிறிது தண்ணீர் தெளித்தார். இரைச்சல் மாறவில்லை. பெல்ட் வழுக்குவதால் வரும் சத்தமாக இருந்தால், நீர் பட்டதும் சற்று நேரமாவது மாறியிருக்குமாம்.

பிறகு, இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைக் கழற்றினார். மீண்டும் இயந்திரத்தைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டார். இரைச்சல் இல்லை! அப்படியானால், பெல்ட் சுழற்றும் பாகங்களில் ஒன்றில்தான் கோளாறு. இயந்திரத்தை நிறுத்திய பின், ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றச் சொன்னார். ஆல்டர்னேட்டரின் சக்கரம் மட்டும் மணல் அரைபடுவதுபோல் நறநறத்தது.

"உள்ளே அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும்," என்றார் மாமா. ஆல்டர்னேட்டரைக் கழற்றித் தம் பட்டறைக்குக் கொண்டு சென்று, அன்று மாலையே புதிய பேரிங்குகளைப் பொருத்தினார். செலவு 80 ரிங்கிட். அக்காவின் கட்டணமும் உரிய நாளில் செலுத்தப்பட்டது.

சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால், அதற்காக அந்தக் கருவி முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். அதன் பொருளை மாமாவின் எண்ணெய் படிந்த கைகள் எனக்கு விளக்கின.