வாழைப்பழக் கப்பலின் மேல்தளம்

கணினியில் நான் ஆடும் கடற்போர் விளையாட்டில் எஸ்கார்ட் கேரியர், அதாவது காவலுக்குப் போகும் சிறு விமானந்தாங்கிக் கப்பல், என்றாலே பலருக்கும் இளக்காரம். வேகம் கிடையாது, கவசம் கிடையாது, விமானங்கள் முப்பதுகூடத் தேறாது. பெரிய கேரியர்களோடு சேர்த்து அனுப்பினால் பின்தங்கிப் போய் முதல் அடி வாங்கும். அதையே சரக்குக் கப்பல் கூட்டத்தோடு போகவிட்டால், எதிரியின் நீர்மூழ்கி ஒன்றுகூட அழியாவிட்டாலும் சரக்கு கரைசேர்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று துருவ ஆரம்பித்தேன்.

போர் வரலாற்றுப் புத்தகங்களைப் பின்னோக்கிப் புரட்டப் புரட்ட, அகப்பட்டது ஒரு வாழைப்பழக் கப்பல். பெயர் ஹன்னோவர், ஜெர்மனியுடையது. 1940 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளருகே பிரிட்டிஷ் கடற்படை அதை மடக்கியபோது, அதன் மாலுமிகளே தீவைத்தார்கள். அப்படியும் விடாமல் பிரிட்டிஷார் அதை ஜமைக்காவுக்கு இழுத்துப் போனார்கள். பிறகு மேற்கட்டுமானத்தை வழித்தெடுத்து, ஓடுதளம் போட்டு, ஆடாசிட்டி என்று பெயர் வைத்தார்கள். விமானக் கொட்டகைக்கு இடமில்லை. மார்ட்லெட் விமானங்கள் மழையிலும் உப்புக்காற்றிலும் தளத்திலேயே நின்றன. ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பழுது பார்த்தார்கள். விமானிகளுக்கு மட்டும் யோகம்: பழைய பயணிகள் அறைகள் கிடைத்தன.

1941 டிசம்பர் 14-ல் ஜிப்ரால்டரிலிருந்து 32 சரக்குக் கப்பல்களோடு எச்.ஜி. 76 கான்வாய் கிளம்பியது. காவலில் ஆடாசிட்டியும் இருந்தது; காவலுக்குத் தலைமை கமாண்டர் வாக்கர். அக்கால ஜெர்மன் நீர்மூழ்கி நீர்ப்பரப்பில் மணிக்குச் சுமார் 17 கடல் மைல் ஓடும். மூழ்கினால் ஏழைத் தாண்டுவதே கஷ்டம், அதுவும் பேட்டரி தாங்கும்வரைதான். விமானம் தலைக்குமேல் தெரிந்தாலே மூழ்கியாக வேண்டும். மூழ்கினால் கான்வாய் கைநழுவிப் போகும். விளையாட்டின் கணக்கு இதுதான். 17-ஆம் தேதி மார்ட்லெட் ஒன்று யு-131-ஐக் கண்டுபிடித்தது. அந்த நீர்மூழ்கி ஒரு மார்ட்லெட்டைச் சுட்டு வீழ்த்திவிட்டுத்தான் அழிந்தது. அந்தப் பயணத்தில் ஜெர்மனி இழந்த நீர்மூழ்கிகள் ஐந்து; கான்வாய் இழந்த சரக்குக் கப்பல்கள் இரண்டு.

ஆடாசிட்டியும் தப்பவில்லை. இரவானதும் கூட்டத்தைவிட்டு விலகித் தனியே போவது அதன் தளபதியின் பழக்கம். வாக்கருக்கு அதில் அரைமனசுதான். ஆனால் அவர் பதவியில் வாக்கருக்கு மூத்தவர். 21-ஆம் தேதி இரவு சரக்குக் கப்பல் ஒன்று ஒளிக்குண்டு ஏவ, அந்த வெளிச்சத்தில் கேரியரின் உருவம் பளிச்சென்று தெரிந்தது. யு-751 டார்பிடோக்களை விட்டது.

நான் எதிர்பாராதது இதற்கப்புறம்தான். 1942 ஜனவரியில் லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி, கடற்படையின் பெண் ஊழியர்களை வைத்துக்கொண்டு தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் கான்வாய்ப் போரை ஆடிப் பார்த்தார். நீர்மூழ்கிகளை எதிர்க்கும் வாக்கரின் ‘பட்டர்கப்’ உத்தியையும் அங்கே சோதித்தார்கள். காவல்கப்பல் தளபதியாக ஆடுபவர் திரைக்குப் பின்னால் நின்று, சின்ன ஓட்டை வழியாகத்தான் தரையைப் பார்க்கலாம். கடலில் அவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அங்கேயும். நாமோ கணினித் திரையில் முழுக் கடலையும் மேலிருந்து பார்த்தபடி ஆடுகிறோம். லிவர்பூல் ஆட்டமே கஷ்டமானது, நேர்மையானதும்கூட.

எஸ்கார்ட் கேரியர் கையில் வந்தால் பகலெல்லாம் விமானம் பறக்கட்டும். எதிரி எத்தனை மூழ்கினான் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் கப்பலைக் கூட்டத்தின் நடு வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.