பாயிண்ட்டுக்குப் பதிலாக ஒரு காந்தம்
2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்த வண்டலூரில், 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில், காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்து ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுப்பியவை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் ‘பாயிண்ட்’ என்னும் உலோகத் தொடுமுனைகளே. அவை தேயத் தேய, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி மாறி எஞ்சின் முக்கத் தொடங்கும். வீட்டிலேயே பொருத்தத்தக்க எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டில், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் மாட்டும் காந்த வளையமும், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரும், ஓட்டத்தைத் துண்டிக்கும் டிரான்சிஸ்டரும் அவ்வேலையை உரசலின்றி ஏற்கின்றன. பழைய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருக்குமாதலால், அதைப் பார்க்காமல் ஒயரை மாற்றிக் கொடுத்தால் சென்சாரும் டிரான்சிஸ்டரும் அடங்கிய மாட்யூல் அப்போதே கருகிவிடும். கழற்றிய பாயிண்ட்டையும் அதனோடு இணைந்திருந்த கண்டென்சரையும் எறிந்துவிடாமல் டிக்கியில் வைத்திருங்கள். நடுவழியில் மாட்யூல் போனால், பழைய மெக்கானிக் எவரும் அவற்றை மாட்டி வண்டியைக் கிளப்பிவிடுவார்.